மெதுவா மேடத்தின் கம்பிகள்

தட்டில் பட்டாணி விழுந்தால் சாப்பாடு நின்றுவிடும். ஒரு பட்டாணியை நடுவில் நிறுத்தி, மற்றவற்றைச் சுட்டுவிரல் நுனியால் அதை நோக்கி ஒதுக்குவார் அந்த அம்மாள். சுற்றிலும் சரியாக ஆறு உட்காரும். ஏழாவதற்கு இடம் கிடையாது. அது அடுத்த வட்டத்துக்குப் போயாக வேண்டும். தட்டு நிரம்பும்வரை இப்படியே போகும். நடுவே எங்காவது ஒரு பட்டாணிக்கு அண்டைவீட்டார் ஐந்து பேர்தான் என்று கண்டால் புருவம் ஏறும். உடனே பக்கத்தில் துழாவுவார். ஐந்து இருக்கும் இடத்தில் ஓர் ஏழும் ஒட்டிக்கொண்டிருக்கும், திருடனும் திருட்டுச் சாமானும் போல.

“இது சாப்பாடா, சர்வேயா?” என்பார் எதிரே உட்கார்ந்திருக்கும் கணவர். அவர் நில அளவையாளர். சர்வே என்ற காரியத்தை இன்னொருவர் செய்வதை லேசில் அனுமதிக்காதவர்.

“உங்க கல்லு நட்ட இடத்துல நிக்கும். இது நகரும்.”

“நகர்றதுக்குள்ள வாயில போடு.”

ஐம்பத்தைந்தைத் தாண்டிய இந்த அம்மாள், ஓர் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் நிலவறையில் முப்பது வருஷமாகப் பொருள்களைக் குளிரவைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டு வாசல் பலகையில் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று எழுதிவைத்தது கணவர் பெருமையில் செய்த பிழை. மேல்மாடிக்காரி ஒருத்தி, உடம்பு கொதிக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். “நான் காய்ச்சல் டாக்டர் இல்லைங்க, குளிர் டாக்டர்” என்று விளக்கி அனுப்பினார். மறுவாரம் அவளே குளிர்ஜுரத்தில் நடுங்கும் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அவருடைய பெயர் மெதுவா மேடம். அங்கே அவர் அதிகம் சொன்ன சொல் அதுதான். கதவை மெதுவா. நாற்காலியை மெதுவா. தும்மலா, வெளியே போய்த் தும்மு, அதுவும் மெதுவா. அவருடைய கருவிகளுக்கு ஒரு காலடி என்பது நமக்கு ஒரு பூகம்பம். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழைய டென்னிஸ் பந்தை அறுத்து மாட்டியிருக்கிறார். படிக்கட்டின் கடைசிப் படியில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கும்; அவற்றில் ஒருமுறை இயக்குநரின் பளபளக்கும் பூட்ஸும் கிடந்தது. லிஃப்டை அளவெடுக்கும் வேளையில் ஓட்டக் கூடாது என்று உத்தரவு வாங்கினார். ஆறாம் மாடிக்காரர்கள் இன்றுவரை அவரை மன்னிக்கவில்லை.

நிலவறையை விட்டு மேலே வந்தால் இதே அம்மாள் பேசுவது கேன்டீனின் மறுகோடியில் தட்டு கழுவுகிறவருக்குக் கேட்கும். வீட்டில் அலமாரிக் கதவு அவர் கையில் அறையாமல் மூடிக்கொண்டதில்லை. கண்ணாடி டம்ளர் எதுவும் அந்தச் சமையலறையில் பூரண ஆயுசு வாழ்ந்ததில்லை. “ஆபீஸ்ல சேர்த்துவச்ச சத்தத்தையெல்லாம் இங்க வந்து கொட்டுறியா?” என்று கணவர் கேட்பார். பதில், மூடியை மூடுகிற சத்தமாக வரும்.

அவர் குளிரவைக்கிற பொருள் ஒரு மென்படலம். தலைமுடி ஒன்றை ஆயிரம் ஏடாகப் பிளந்தால் ஓர் ஏடு என்ன தடிமன் இருக்குமோ, அதைவிட மெல்லியது. வேண்டிய அளவு குளிர்ந்ததும் அது மீக்கடத்தி ஆகிவிடும்; மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும். பக்கத்தில் ஒரு காந்தத்தைக் கொண்டுபோனால் காந்தப்புலம் படலத்தை ஊசி ஊசியாகத் துளைத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு ஊசியையும் சுற்றி மின்னோட்டம் ஒரு குட்டிச் சுழலாகச் சுற்றும். இந்தச் சுழல்களுக்கு ஒன்றையொன்று ஆகாது. ஆகாவிட்டாலும் படலத்தை விட்டு ஓட வழியில்லை. ஆகவே ஒவ்வொன்றும் மற்றவற்றிடமிருந்து முடிந்தவரை தள்ளி நிற்கும். எல்லாமே அப்படி நின்றால் ஒவ்வொன்றைச் சுற்றியும் ஆறு என்று அழகான ஓர் அணிவகுப்பு அமைந்துவிடும். பிடிக்காதவர்கள் ஒரே வீட்டில் இருக்க நேர்ந்தால் ஏற்படுகிற ஒழுங்கு அது.

சூடு ஏறினால் இந்த அணிவகுப்பும் பனிக்கட்டி போல உருகும். ஆனால் பனிக்கட்டி மாதிரி ஒரே அடியாக அல்ல. முதலில் ஐந்தும் ஏழுமாக ஜோடிகள் உள்ளே புகும். பிறகு அந்த ஜோடிகளும் பிரிந்து தனித்தனியே அலையத் தொடங்கும்.

“முதல்ல எந்த வரிசைல நின்னோம்கிறது மறந்துபோகும். எந்தப் பக்கம் பார்த்து நின்னோம்கிறது மட்டும் ஞாபகம் இருக்கும். அப்புறம் அதுவும் போயிடும்” என்று ஒருநாள் மேடம் வீட்டில் விளக்கினார்.

“நம்ம பெரியப்பா மாதிரியா?” என்றார் கணவர்.

“உங்க பெரியப்பா வரிசைலயே நின்னதில்லைங்க.”

மேடத்துக்கு உலகத்தில் கொஞ்சம் பெயர் உண்டு. அந்தப் பெயர் முழுவதும் மின்தடையைக் காட்டும் ஒரே ஒரு கோட்டின் மேல் நின்றது. படலத்தைக் குளிர்வித்துக்கொண்டே போனால் சுழல்கள் உறைந்து அசையாமல் நிற்க வேண்டும்; அவை அசையும்வரைதான் கொஞ்சம் மின்தடை, நின்றால் அது பூஜ்ஜியமாக வேண்டும். அவர் வரைந்த கோடு அப்படிச் செய்யவில்லை. சரசரவென்று இறங்கி வந்து, தரையைத் தொடுவதற்குச் சற்று மேலே மட்டமாகப் படுத்துவிட்டது. அதற்குமேல் எவ்வளவு குளிர்வித்தாலும் இறங்கவில்லை. சூட்டை அடியோடு எடுத்துவிட்டாலும் இந்தச் சுழல்கள் தம் இயல்பிலேயே நடுங்கிக்கொண்டிருக்கின்றன, இது உறையவே உறையாத திரவம் என்று அறிவித்தார். சிலர் கைதட்டினார்கள். சிலர் சண்டைக்கு வந்தார்கள். இரண்டும் புகழ்தான்.

அளந்தது அவருடைய முதல் மாணவன். அவனை அவர் ‘பெரியவன்’ என்பார். அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையில் அளந்தவர் பெயர் முதலில் வரும், தலைவர் பெயர் கடைசியில் வரும். உலகம் கட்டுரையை முதல் பெயரால்தான் கூப்பிடும். ஆக உறையாத திரவம் பெரியவனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அவன் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு கடல்தாண்டி ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனான். வேலை தற்காலிகம், நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று இந்த வருஷம் முடிவாக வேண்டும். மேடம் தன் பெண்ணைக் கட்டிக்கொடுத்த அம்மாபோல அவனைப் பற்றிப் பேசுவார், கொஞ்சம் பெருமையும் கொஞ்சம் குறையுமாக.

படலத்தைக் குளிர்விக்கும் கருவி ஆள் உயரத்துக்குமேல் தொங்கும் ஒரு பாத்திரம். அதை ஃப்ரிட்ஜ் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். மேலே அறைச் சூடு, அடியில் விண்வெளியைவிடக் கொடிய குளிர். உச்சியிலிருந்து அடிவரை இறங்குகிற கம்பிகள்தாம் அளவுக் கருவிக்கும் படலத்துக்கும் நடுவே தூது. மயிரிழைக் கம்பிகள். இளவயதில் ஒரு மழைக்காலம் முழுவதும் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வோர் இணைப்பையும் மேடம் தன் கையால் பற்றவைத்தார். புதிதாக வருகிற மாணவருக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிடுவார்: “எதை வேணா கழட்டு. திரும்ப மாட்டத் தெரியலைன்னா என்னைக் கூப்பிடு. கம்பியை மட்டும் தொடாதே.” பெரியவனுக்கும் அதே சட்டம்தான். அவன் அளந்த வருஷங்களில் ஒருநாள்கூட அந்தக் கம்பிகளை நகத்தால்கூடத் தீண்டியதில்லை.

கடைசியாக வந்தவள் ‘கடைக்குட்டி’. கைக்குழந்தையைத் தாயாரிடம் விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வருகிறவள். ஆகவே எதற்கும் நேரமில்லாதவள். நிலவறையின் மௌனத்தில்கூட அவசரமாக மௌனமாயிருப்பாள். அடுத்த அறையில் ஊசிமுனை நுண்ணோக்கியால் சுழல்களைப் படம் எடுப்பது அவள் வேலை. எடுத்த படங்களைக் கொண்டுவந்து மேடத்தின் மேஜைமேல் வைத்தாள். கடுங்குளிரில் சுழல்கள் ஆறாறாக, முளையடித்ததுபோல நின்றன.

“உங்க கம்பி ஓடுதுங்குது மேடம். என் ஊசி நிக்குதுங்குது.”

“உன் ஊசி ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் எடுத்துக்குது? அதுக்குள்ள அது ஓடிட்டுத் திரும்பி வந்து நின்னுடுது.”

“வாத்தியார் திரும்பினா உட்கார்ற பசங்க மாதிரியா?”

“அதேதான்.”

“எந்தப் பையனும் ஒவ்வொரு தடவையும் அவன் இடத்துலயே உட்கார மாட்டான் மேடம்.”

மேடம் படங்களைக் கவிழ்த்துவைத்தார். கடைக்குட்டி கிளம்பவில்லை. கம்பிகள் வெளியிலிருந்து எதையாவது உள்ளே கொண்டுவருகின்றனவோ என்று ஒரு சந்தேகம், ஒரே ஒருதரம் கம்பிகளுக்கு வடிகட்டி போட்டுப் பார்க்கலாமா என்றாள்.

“அந்தக் கம்பிக்கு என்ன குறைச்சல்?”

“குறைச்சல் இல்லை மேடம். அதிகமா எதையோ கொண்டுவருதோன்னுதான்...”

“மெதுவா போ. கதவைச் சாத்திட்டுப் போ.”

இந்தப் பேச்சு பல மாதம், பல விதமாக நடந்தது. முடிவு மட்டும் ஒரே விதம். முடிவை மாற்றியவர் வராந்தாவில் காவல் நிற்கிறவர். மேடத்தின் ஆணைக்கு இந்தக் கட்டடத்தில் முழுமையாகக் கீழ்ப்படிந்த ஒரே மனிதர் அவர்தான்: வெறுங்காலோடு பூனைபோல நடப்பார், கொட்டாவியைக்கூடக் கைக்குட்டைக்குள் விடுவார். அன்று கேட்டிலிருந்து யாரோ கேட்டதற்கு, நிலவறை வாசலோரம் நின்று வாக்கிடாக்கியில் இரண்டு வார்த்தை பதில் சொன்னார். உள்ளே திரையில், அந்தப் புகழ்பெற்ற மட்டக்கோடு சடாரென்று ஒரு துள்ளல் துள்ளி இறங்கியது.

மேடம் எழுந்து, திரை தெரியும்படி கதவைத் திறந்துவைத்து வெளியே வந்தார். காவலர் விறைத்து நின்றார்.

“நான் மெதுவாத்தான் பேசினேன் மேடம்.”

“தெரியும். இன்னொரு தரம் பேசுங்க.”

“என்ன பேசறது மேடம்?”

“என்னவோ பேசுங்க.”

காவலர் தொண்டையைச் செருமிக்கொண்டு பொத்தானை அழுத்தி, “எல்லாம் சரியா இருக்கு, எல்லாம் சரியா இருக்கு” என்றார். கோடு துள்ளியது. “இப்போ பேசாம அழுத்துங்க.” அழுத்தினார். கோடு துள்ளியது. மேடம் அவரைப் படிக்கட்டு வரைக்கும் போய் அழுத்தச் சொன்னார். பிறகு மேல்மாடிக்கு அனுப்பினார். தூரம் கூடக்கூடத் துள்ளல் குறைந்தது. ஆனால் நின்றபாடில்லை. மூன்றாம் மாடியிலிருந்து காவலர் மாடிப்படி வழியாக, வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கட்டடத்தில் சத்தம்போட்டுக் கேட்டார்: “போதுமா மேடம்?”

மேடத்துக்குப் போதுமானதாக இருந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். செருப்பைக் கழற்றவைத்து, லிஃப்டை நிறுத்தி, தும்மலைத் துரத்தி இத்தனை வருஷம் உலையை மூடியிருந்தார். அவர் கையால் பற்றவைத்த கம்பிகளோ ஆன்டெனாபோல ஊர்ப்பேச்சையெல்லாம் பிடித்து, குழல்விளக்கு, செல்போன், வானொலி என்று வேறுபாடு பாராமல், அடியில் கிடந்த அந்த ஏட்டின் காதில் ஓதிக்கொண்டிருந்திருக்கின்றன. சுழல்கள் தம் இயல்பில் நடுங்கினவா, இந்த ஓதலில் நடுங்கினவா என்பது இனிமேல்தான் தெரிய வேண்டும். அவருக்கு அந்த நிமிஷமே பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதிக்காகக் கடைக்குட்டியைக் கூப்பிட்டார்.

“அந்த வடிகட்டி எப்படிச் செய்யறதாம்?”

கடைக்குட்டி ஆச்சரியப்பட நேரமில்லாமல் பதில் சொன்னாள். செம்புக் குழாய்க்குள் கம்பியைச் சுருளாக வைத்து, மாவுபோல அரைத்த செம்புத்தூளைப் பசையில் பிசைந்து சுற்றிலும் கெட்டியாக அடைத்துவிட வேண்டும். அளக்கிற மின்னோட்டம் நிதானமானது, அது கடந்து போய்விடும். ஊர்ச்சத்தம் படபடவென்று துடிக்கிற ஜாதி, செம்புத்தூளில் சிக்கிச் செத்துவிடும். குழாய்களை ஒர்க்‌ஷாப்பில் கடைந்து வாங்கினார்கள். பிசைந்தது கடைக்குட்டி. பழைய இணைப்புகளைச் சூட்டுக்கோலால் உருக்கிப் பிரித்தது மேடம். “நீங்க சொன்னா நான் பிரிக்கிறேன் மேடம்” என்றாள் கடைக்குட்டி. “கம்பியைத் தொடாதே” என்றார் மேடம், பழக்கத்தில்.

ஃப்ரிட்ஜ் மறுபடி குளிர்ந்தது. கோடு சரசரவென்று இறங்கியது. வழக்கமாகப் படுத்துக்கொள்ளும் இடத்தில் படுக்கவில்லை. நேரே கீழே போய்த் தரையைத் தொட்டு அங்கேயே கிடந்தது. காவலரை அழைத்து வாசலில் நின்று பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கோடு அசையவில்லை. கடைக்குட்டி கைதட்டத் தொடங்கி, மேடத்தின் முகத்தைப் பார்த்து, தட்டிய கைகளை அப்படியே குவித்தபடி வைத்துக்கொண்டாள்.

“உறைஞ்சிருச்சு” என்றார் மேடம். இறந்தவரைச் சொல்வதுபோல அல்ல. பால் தயிரானதைச் சொல்வதுபோலச் சொன்னார். அப்புறம் சாப்பிடப் போனார். கேன்டீனில் அன்றைக்கு அவர் குரல் கேட்கவில்லை. தட்டு கழுவுகிறவர் எட்டிப் பார்த்தார்.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் இதில் பெரிய விபரீதம் எதையும் காணவில்லை.

“தப்பா அளந்தா கல்லைப் பிடுங்கிச் சரியான இடத்துல நடுவோம். எத்தனை நட்டிருக்கேன். அவ்ளோதானே?”

“நீங்க நட்ட கல்லுல உங்க பேரா இருக்கு?”

“அதுல இருந்தா ஊர்ல பாதிப் பேர் என்னைத் தேடி வந்திருப்பானே.”

“இந்தக் கல்லுல பேர் இருக்கு. என் பேர்கூட இல்லை. அவன் பேர்.”

கணவர் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு, “அவனுக்குச் சொல்லிட்டியா?” என்றார்.

சொல்லத்தான் வேண்டும். அடுத்த வாரம் ஒரு மாநாடு. அதில் பெரியவன் உறையாத திரவத்தைப் பற்றிப் பேசப்போகிறான். அவன் வேலையை முடிவு செய்கிற இருவர் அதைக் கேட்கவென்றே வருகிறார்கள். மேடமும் போகிறார், மாணவன் பேச்சைக் கேட்டுப் பூரிக்கலாம் என்று பல மாதம் முன்பே பதிவுசெய்தது. புதிய கோட்டைக் காலையில் அவனுக்கு அனுப்பினார். அவன் பதில் எழுதவில்லை. மாலையில் அவரே கூப்பிட்டார்.

“பார்த்தியா?”

“பார்த்தேன் மேடம்.”

“என்ன தோணுது?”

“தோணுறதைச் சொல்ற நிலைமைல நான் இல்லை மேடம். இப்போதான் பொண்ணை இங்க ஸ்கூல்ல சேர்த்திருக்கேன்.”

மேடம் ஃபோனை மறுகாதுக்கு மாற்றினார்.

“மேடம், பேச்சு முடியட்டும். கமிட்டி முடியட்டும். அப்புறம் நீங்க என்ன வேணா வெளியிடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இப்போ வெளில வந்தா உங்க பேரை யாரும் சொல்ல மாட்டாங்க. என் பேரைத்தான் சொல்வாங்க. அந்தத் தப்போட பேரே என் பேர்தான்னு ஆயிடும்.”

“உன் பேரை முதல்ல போட்டது நான்தான்டா.”

“அதுக்கு நன்றி சொல்லியாச்சு மேடம், எத்தனையோ தடவை.”

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவருக்கு என்னவோ செய்தது. கோபப்பட்டிருந்தால் ‘மெதுவா பேசு’ என்று சொல்லியிருக்கலாம்.

“நீ என்ன பேசணும்னு நான் சொல்ல மாட்டேன். என்ன பேசக் கூடாதுன்னும் சொல்ல மாட்டேன்” என்றார். “ஆனா நான் வருவேன்.”

“வாங்க மேடம்” என்றான். அது அழைப்பா, இறைஞ்சலா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை.

அரங்கம் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய அரங்கம்: மடக்கு நாற்காலி, காற்றில்லாத குளிர், முதல் வரிசையில் எப்போதும்போல் வெறும் நாற்காலிகளும் ஒரு பெரிய மனிதரும். மேடம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கடைக்குட்டி, மடியில் கணினியை மூடி வைத்துக்கொண்டு. புதிய கோடு அதற்குள் இருந்தது. நடைபாதை ஓரத்தில் பெரியவனின் கமிட்டிக்காரர்கள் இருவர், ஒருவர் பேனா மூடியைக் கடித்தபடி.

பெரியவனுக்கு முன்னந்தலை ஏறியிருந்தது. நன்றாகப் பேசினான். சுழல்கள் ஏன் ஆறாறாக நிற்கின்றன, ஐந்தும் ஏழும் எப்படி உள்ளே புகுகின்றன, முதலில் இடமும் பிறகு திசையும் எப்படி மறக்கின்றன என்று, மேடம் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே வரிசையில், அவரைவிட அழகாகச் சொன்னான். பழைய கோடு திரையில் வந்தது. மட்டமாகப் படுத்திருந்த பகுதியின்மேல் ஒளிப்புள்ளியை வைத்தான். “இது நாங்க முன்னாடி வெளியிட்ட முடிவு” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனான். கடைக்குட்டி மேடத்தைப் பார்த்தாள். மேடம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் முதல் வரிசைப் பெரிய மனிதர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

“ஒரு சின்னக் கேள்வி.” அந்த உலகத்தில் சின்னக் கேள்வி என்றால் பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்ள வேண்டும். “உங்க கம்பிகளுக்கு வடிகட்டி இருந்துதா?”

“அப்போ இல்லை” என்றான் பெரியவன்.

“இப்போ?”

பெரியவன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்தான். ‘பார்க்கணும்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அரங்கத்தில் பாதிப் பேர் அதை வைத்துப் பிழைக்கிறவர்கள். அவன் மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. மேடம் அதைக் கவனித்தார்.

“இப்போ போட்டுப் பார்த்தாச்சு” என்றான். “போன வாரம். கோடு பூஜ்ஜியத்துக்கு இறங்கிருச்சு. உறைஞ்சிருச்சு.”

அரங்கம் சலசலத்தது. பின்வரிசையில் யாரோ விசிலடிக்க வாய் குவித்து, ஊதாமல் விட்டார். கமிட்டிக்காரரின் பல்லிலிருந்து பேனா மூடி கழன்று, தரையில் விழுந்து உருண்டது.

“அப்படின்னா இத்தனை வருஷமா நாங்க படிச்சது என்ன? பக்கத்து வீட்டு செல்போன் பேச்சையா?” என்றார் பெரிய மனிதர். சிரிப்பு எழுந்தது. அவர் அதை முழுவதும் அனுபவித்து முடித்துவிட்டுக் கேட்டார்: “கம்பியை ஒருதரம் கழட்டிப் பார்க்கணும்னு தோணவே இல்லையா? அதை அப்படியே விட்டது யாரு?”

“அளந்தது நான்தான்” என்று தொடங்கினான் பெரியவன். “அதனால முழுப் பொறுப்பும்...”

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் உயர்கிற மாதிரி, முழங்கை மடங்காமல், நேராக.

பெரியவன் பேச்சை நிறுத்தினான். மேடையோரம் உட்கார்ந்திருந்த அவைத்தலைவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அங்க இன்னொரு கேள்வி இருக்கு போல. மேடத்துக்கு மைக் குடுங்க.”

மைக்கை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிவந்து நீட்டினார். மேடம் வாங்கவில்லை.

“கேள்வி இல்லீங்க, பதில்” என்றார். கையை இறக்காமலே.